காலி சிலிண்டரை மனதில் வைத்து வாங்குங்கள்

ஏரியிலும் குவாரியிலும் கரையிலிருந்தே இறங்கி ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் நீந்துவது) செய்கிறவர்கள் சொந்தமாக ஒரு சிலிண்டர் வாங்கக் கிளம்பினால் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் எடுக்கலாம்?" என்றுதான். எவ்வளவு காற்று கொள்ளும் என்பதில்தான் எல்லார் கண்ணும் போகிறது. என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு. காற்று தீரப்போகும் நேரத்தில், மூன்று மீட்டர் ஆழத்தில், அந்த சிலிண்டர் உங்கள் முதுகில் என்ன செய்யும்? கரை டைவுக்கு சிலிண்டர் தேர்ந்தெடுக்க இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

படகிலிருந்து குதிப்பவர்கள் ஆழத்தில் சுற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்து மேலே வந்து, பாதுகாப்பு நிறுத்தத்தில் மூன்று நிமிடம் நின்று வெளியே வந்துவிடுவார்கள். கரையிலிருந்து இறங்குபவர்களுக்கு அப்படியில்லை. சரிவோடு கீழே போகிறோம், அதே சரிவோடு மேலே வருகிறோம். கடைசிக் கால் மணி நேரமும் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில்தான் கழியும். நன்னீரில் பார்க்க வேண்டியதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் எட்டும் வரைக்கும்தான் நீர்ச்செடிகள் வளரும். அந்தச் செடிகளுக்குள்தான் மீன் குஞ்சுகள், நத்தைகள், தட்டான்பூச்சியின் இளம்புழுக்கள் எல்லாம். டைவின் நல்ல பகுதியே கடைசியில்தான் வருகிறது. சிலிண்டர் மிகவும் லேசாகி, வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உடை) நன்றாக உப்பி, இரண்டும் சேர்ந்து நம்மை மேலே தூக்கப் பார்ப்பதும் சரியாக அதே நேரத்தில்தான்.

காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை அடைத்த காற்று இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். டைவ் முழுக்க நாம் மூச்சுவிட்டு வெளியேற்றுவது அந்த எடையைத்தான். எந்த உலோகத்தில் செய்த சிலிண்டராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது, அந்த எடை போன பிறகு சிலிண்டர் மூழ்கும் பக்கம் நிற்கிறதா, மிதக்கும் பக்கம் போய்விடுகிறதா என்பது.

உலகம் முழுக்க வாடகைக்குக் கிடைக்கும் 'அலுமினியம் 80' சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே 11.1 லிட்டர் கொள்ளளவு, வேலை அழுத்தம் 207 பார். பெயரில் 80 கன அடி என்று இருந்தாலும் உண்மையில் அழுத்தி அடைத்தால் கொள்வது 77.4 கன அடிக் காற்றுதான். முழுக்க நிரப்பியிருக்கும்போது கடல்நீரில் அரை கிலோவுக்குச் சற்று மேல் கீழே இழுக்கும். முழுக்கக் காலியானால் இரண்டு கிலோ மேலே இழுக்கும். அலுமினியம் லேசான உலோகம் என்றாலும் எஃகு அளவுக்கு உறுதியில்லை. அதனால் சுவரைத் தடிமனாக வைக்க வேண்டியிருக்கிறது. சுவர் தடித்தால் வெளி அளவு பெருகும், அது விலக்கும் தண்ணீரும் கூடும். கரையில் தூக்கினால் எஃகு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட சமமான பாரம், தண்ணீருக்குள் போனால் மிதவை. கரை டைவருக்கு இரண்டு வகையிலும் நஷ்டம்.

12 லிட்டர் எஃகு சிலிண்டர் காலியான பிறகும் ஒரு கிலோ அளவுக்கு மூழ்கிக்கொண்டேதான் இருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் மேலே இழுக்காது. ஆக, அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே மிதந்துவிடாமல் இருக்க உங்கள் இடுப்பு பெல்ட்டில் கட்டும் எடையில் இரண்டரை மூன்று கிலோ ஈயம் வித்தியாசம். படகில் போகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து மேடும் பள்ளமுமாக நடந்து, வழுக்கும் பாறையில் இறங்கி, டைவ் முடித்துக் குளிர்ந்துபோன கால்களோடு அதே வழியில் திரும்பி ஏற வேண்டிய எனக்கு அந்த மூன்று கிலோ பெரிய விஷயம். முழங்காலுக்குத் தெரியும்.

இங்கே நன்னீர்க் கணக்கு ஒன்று வருகிறது. கடல்நீர் ஒரு லிட்டர் 1.025 கிலோ என்றால் நன்னீர் ஒரு கிலோ. உடம்பும் சாமான்களும் சேர்ந்து 90 கிலோ இருப்பவருக்குக் கடலில் கட்டும் ஈயத்திலிருந்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் ஏரியில் குறைக்கலாம். சிலிண்டரும் இதே கணக்கில்தான் வரும். அலுமினியம் 80 கடலில் காட்டும் மிதப்பைவிட ஏரியில் ஏறக்குறைய நானூறு கிராம் குறைவாகக் காட்டும். தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளில் மிதப்பு பெரும்பாலும் கடல்நீருக்குத்தான் போட்டிருக்கும், ஏரிக்கு நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் குஸ்தோவும் பொறியாளர் எமீல் கான்யானும் 1943-ல் தங்கள் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) முதலில் தண்ணீருக்குள் சோதித்தது பாரிஸுக்குப் பக்கத்தில் மார்ன் ஆற்றில். நன்னீரில் தொடங்கிய கலைக்கு நன்னீர்க் கணக்கையும் சேர்த்தே அச்சடித்திருக்கலாம்.

சரி, அப்படியானால் எல்லாரும் எஃகே வாங்கிவிடலாமா? கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்து, 3 மில்லிமீட்டர் வெட்சூட்டோ வெறும் டிஷர்ட்டோ போதும் என்கிற இடத்தில் டைவ் செய்பவர்களுக்கு எஃகு சிலிண்டர் ஆபத்தாகவே முடியலாம். மெல்லிய சூட்டுக்கு அவ்வளவாக மிதப்பு கிடையாது. நன்னீர் என்பதால் ஏற்கெனவே ஈயம் ஒன்றிரண்டு கிலோவாகச் சுருங்கியிருக்கும், சிலருக்குச் சுத்தமாகவே தேவைப்படாது. அதன்மேல் முழுக்க நிரப்பிய எஃகு சிலிண்டரை மாட்டினால் பெல்ட்டில் ஒரு ஈயக் குண்டுகூட இல்லாமலே நாலைந்து கிலோ கீழே இழுபடுவோம். பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) ஓட்டை விழுந்தாலோ அதற்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் வேலை செய்யாமல் போனாலோ கழற்றி எறிய ஈயம் இருக்காது. எடை முழுவதும் முதுகில் பூட்டியிருக்கும், அதில்தான் நம் காற்றும் இருக்கிறது. அவசரத்தில் உதறிவிட முடிகிற எடை கொஞ்சமாவது கையில் இருக்க வேண்டும். அதனால் மெல்லிய சூட் போடுகிறவர்களுக்கு அலுமினியம் 80-தான் என் பரிந்துரை. காலியாகும்போது அது தரும் மிதப்பை ஒன்றிரண்டு ஈயக் குண்டால் சமாளித்துவிடலாம், தேவைப்பட்டால் அந்தக் குண்டுகளை விட்டுவிடவும் முடியும்.

7 மில்லிமீட்டர் சூட், ஹூட், கையுறை என்று போர்த்திக்கொண்டு இறங்குகிறவர்களும் தண்ணீரே உள்ளே புகாத ட்ரை சூட்காரர்களும்தான் எஃகு பக்கம் போக வேண்டியவர்கள். தடித்த நியோப்ரீன் பத்து மீட்டரில் தன் மிதப்பில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது, கரையோரம் திரும்பும்போது அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் முதுகில் இருப்பதும் சேர்ந்து மிதக்காமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதை அனுபவித்தால்தான் தெரியும். செடிகளுக்கு மேலே அசையாமல் நின்று ஒரு மீன் குஞ்சுக் கூட்டத்தைப் பார்க்க முடிகிறது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, தலை கீழே போய், காலில் மாட்டிய துடுப்பை அடித்து அடிச்சேற்றைக் கிளப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏரியில் சேறு ஒருமுறை கிளம்பினால் அன்றைக்கு அந்த இடத்தில் வேறு யாரும் எதையும் பார்க்க முடியாது.

இனி கொள்ளளவு. எங்களோடு புதிதாக டைவ் செய்யத் தொடங்கிய ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, வாங்குறதுதான் வாங்குறோம், பதினஞ்சு லிட்டரா வாங்கிட்டா காத்து நிறைய இருக்குமே?"

"இருக்கும்பா. அதைக் கரைவரைக்கும் யாரு தூக்குறது? அப்புறம் அவ்வளவு நேரம் உள்ள என்ன செய்யப்போற?" என்றேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறான். நாங்கள் அதிகம் சுற்றுவது எட்டு மீட்டர் ஆழத்தில். அங்கே மொத்த அழுத்தம் 1.8 பார், எனவே நிமிடத்துக்கு 36 லிட்டர் செலவு. 200 பாரில் தொடங்கி 50 பார் கையிருப்போடு வெளியே வருவதாக வைத்தால் 12 லிட்டர் சிலிண்டரில் 1,800 லிட்டர் கிடைக்கும், அதாவது 50 நிமிடம். 15 லிட்டரில் 62 நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக அவன் சுமக்க வேண்டியது, வால்வும் காற்றும் சேர்த்து, 22 கிலோவை ஒட்டிய ஒரு சிலிண்டர். குளிர்ந்த ஏரியில் ஐம்பதாவது நிமிடத்தில் அவன் விரல்கள் ஏற்கெனவே விறைத்திருக்கும். காற்றுக்கு முன்னால் குளிர்தான் டைவை முடித்துவைக்கிறது. 12 லிட்டர் போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.

நான் வைத்திருப்பது 10 லிட்டர் எஃகு. ஆள் சிறியவள், மூச்சும் மெதுவாக விடுகிறேன், நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில். அதே எட்டு மீட்டரில் 27 லிட்டர்தான் செலவாகிறது, 10 லிட்டர் சிலிண்டரே ஐம்பத்தைந்து நிமிடம் தருகிறது. பன்னிரண்டு லிட்டரோடு வரும் தம்பிக்கு முன்னால் நான் காற்றுக்காக வெளியே வர வேண்டியதில்லை. உங்கள் மூச்சுக் கணக்கு தெரியாமல் கொள்ளளவைத் தீர்மானிக்காதீர்கள். தெரிந்துகொள்வதும் சுலபம்தான். ஓர் ஆழத்தில் பத்து நிமிடம் நிதானமாக நீந்தி, எத்தனை பார் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சிலிண்டரின் லிட்டரால் பெருக்கி, பத்தாலும் அந்த ஆழத்தின் அழுத்தத்தாலும் வகுத்தால் முடிந்தது. ஆனால் ஒன்று: தண்ணீருக்குள் இறங்கிச் சில நிமிடம் கழித்துத்தான் முதல் அளவை எடுக்க வேண்டும். வெளியே 27 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர் 9 டிகிரித் தண்ணீரில் நன்றாகக் குளிர்ந்ததும், ஒரு மூச்சுகூட எடுக்காமலே, 188 காட்டும். காற்று எங்கும் போகவில்லை, சூடு போனதால் அழுத்தம் இறங்கியிருக்கிறது. இது தெரியாமல் கசிவு என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

300 பார் சிலிண்டர்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நீங்கள் காற்று நிரப்பும் இடத்தில் கம்ப்ரசர் அந்த அளவு எட்டாவிட்டால் தடித்த சுவரின் எடையைச் சும்மா சுமப்பீர்கள். அப்படியே எட்டினாலும் அவ்வளவு அழுத்தத்தில் காற்று கணக்குப்படி சுருங்காது. ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்று நினைத்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கரை டைவுக்கு 232 பாரே தாராளம்.

நீளத்தையும் பருமனையும் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் நாள் முழுக்கப் பிரச்சினை. அலுமினியம் 80 சுமார் 66 சென்டிமீட்டர் நீளம். என்னைப் போல் குள்ளமானவர்கள் அதை மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தால் அடிப்பக்கம் தரையில் இடிக்கும். வால்வு பின்மண்டையில் முட்டாமலிருக்க சிலிண்டரைக் கீழே இறக்கிக் கட்டினால் இடுப்புக்குக் கீழே தொங்கும். எஃகில் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. ஒரே 12 லிட்டர், 171 மில்லிமீட்டர் விட்டத்தில் நீளமாகவும் கிடைக்கிறது, 203 மில்லிமீட்டர் விட்டத்தில் குட்டையாகவும் கிடைக்கிறது. குட்டையானது உட்கார்ந்து எழ வசதி, ஆனால் பருமன் அதிகம் என்பதால் முதுகிலிருந்து தள்ளி நிற்கும், தண்ணீரில் பக்கவாட்டில் புரட்டப் பார்க்கும். நடக்கும்போதும் பின்னால் இழுக்கும். உயரமானவர்கள் ஒல்லியான நீளச் சிலிண்டரை எடுப்பது நல்லது. மற்றவர்கள் இரண்டையும் மாட்டி, குனிந்து, ஒரு படி ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் வால்வு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி, டின் (DIN) வால்வுதான் வேண்டும் என்பேன். யோக் முறையில் ரெகுலேட்டரின் கவ்வி வால்வை வெளியிலிருந்து பிடிக்கும், இடையே காற்று கசியாமலிருக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கரையில் மண்ணும் சேறும் இருக்கும் இடத்தில் அந்த ஓ-ரிங் மேல் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், வால்வைத் திறந்ததும் உஸ்ஸென்று சீறும். டின் முறையில் ரெகுலேட்டரே வால்வுக்குள் திருகி இறங்குகிறது, ஓ-ரிங் உள்ளே பத்திரமாக இருக்கிறது, பாறையில் இடித்தாலும் நகராது. எந்த வால்வானாலும் ரெகுலேட்டரை மாட்டும் முன் ஒரு நொடி திறந்து மூடுங்கள். வால்வின் வாயில் தங்கிய தண்ணீரும் தூசியும் வெளியே பறந்துவிடும். அந்தத் தண்ணீர்த் துளி ரெகுலேட்டருக்குள் போனால் குளிர்நீரில் என்ன ஆகும் என்பது அடுத்த விஷயம்.

ஆழமான ஏரிகளில் கோடையிலும் அடியில் 4 டிகிரி இருக்கலாம், நன்னீர் மிகவும் அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலை அது. உயர் அழுத்தக் காற்று விரியும்போது ரெகுலேட்டரின் முதல் நிலை (வால்வில் மாட்டும் பகுதி) உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும். கடல்நீர் உறைய மைனஸ் 2 டிகிரியை ஒட்டி வரவேண்டும், நன்னீருக்கு 0 போதும். அதனால் ஒரே குளிரில் கடலைவிட ஏரியில்தான் ரெகுலேட்டர் சீக்கிரம் உறைந்து, காற்று நிற்காமல் கொட்டும். ஐரோப்பியத் தரநிலை இஎன் 250, 10 டிகிரிக்குக் கீழே இருப்பதைக் குளிர்நீர் என்று தனியாக வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட ஏரிகளில் டைவ் செய்பவர்கள் வாங்கும்போதே இரண்டு வாய் உள்ள எச் அல்லது ஒய் வால்வு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முதல் நிலைகள், தனித்தனித் திருகு. ஒன்று கொட்ட ஆரம்பித்தால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சுவிட்டபடி வரலாம். கையுறையோடு கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தத் திருகு எட்டுகிறதா என்று கரையிலேயே பழக வேண்டும்.

எஃகு சிலிண்டரின் அடி உருண்டை, தானாக நிற்காது. அதற்கு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூட் மாட்டுவார்கள். நன்னீரில் இந்த பூட்டைத்தான் நான் மிகவும் கவனிக்கிறேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே சேறு, செடித்துணுக்கு, கரண்டி அளவுக்குத் தண்ணீர். துரு பிடிப்பது அங்கேதான். துருவைவிடப் பெரிய கவலை, அந்தத் தண்ணீரில் ஓர் ஏரியின் உயிர்கள் அடுத்த ஏரிக்குப் பயணம் செய்வது. கருங்கடல், காஸ்பியன் பகுதிகளைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1988-ல் வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் கண்டறியப்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நிலைநீரில் வந்து சேர்ந்த அது அங்கிருந்து பல ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் பரவிவிட்டது. அதன் இளம்புழு கண்ணுக்கே தெரியாது, ஒரு துளித் தண்ணீர் போதும் அதற்கு. வலைபோன்ற உறையையும் பூட்டையும் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே வேறு ஏரிக்கு எடுத்துப் போங்கள். எளிதில் கழன்று வரும், அடியில் துளையுள்ள பூட் வாங்குங்கள். தட்டையான அடியுள்ள அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதற்கு பூட்டே வேண்டாம்.

பழைய சிலிண்டர் வாங்குவதில் தவறில்லை, ஆனால் தோளில் பொறித்திருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். கடைசியாக நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் வருடமும் அங்கே இருக்கும். பல நாடுகளில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது கட்டாயம். அலுமினியம் என்றால் 1990-க்கு முன்னால் செய்ததை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துச் சிலிண்டர்கள் பலவற்றில் 6351 என்ற உலோகக் கலவை இருக்கும், நாள்பட்ட அழுத்தத்தில் கழுத்தில் விரிசல் விடக்கூடியது. நிறைய இடங்களில் அதற்குக் காற்று நிரப்பவே மறுப்பார்கள், மறுப்பதும் சரி. அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பெயின்ட் ஏற்றிய அலுமினியமும் வேண்டாம், சூட்டில் அதன் உறுதி போயிருக்கும். எஃகு என்றால் மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் காதை வைத்துக் கேளுங்கள், உள்ளே சலசலத்தால் உதிர்ந்த துரு. வால்வைக் கழற்றி விளக்கு விட்டு உள்ளே பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். வாங்கிய பிறகும் சிலிண்டரை முழுக்கக் காலியாக விடக் கூடாது. இருபது முப்பது பாராவது மிச்சம் இருந்தால் தண்ணீர் உள்ளே நுழையாது.

இவ்வளவும் படித்த பிறகும் குழப்பமாக இருந்தால், அலுமினியம் ஒரு நாள், எஃகு ஒரு நாள் என்று இரவல் வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக இறங்கும் ஏரியில், வழக்கமாகப் போடும் சூட்டில் டைவ் முடித்து, 50 பாரோடு மூன்று மீட்டரில் நில்லுங்கள். பிசிடியில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, எத்தனை கிலோ ஈயத்தில் அசையாமல் நிற்க முடிகிறது என்று பாருங்கள். கரையேறியதும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மாட்டியபடியே வண்டிவரை நடந்து பாருங்கள்.